பங்காளியின் கடமை: எரேமியா வாங்கிய நிலம்

என் அம்மாவின் செபப் புத்தகத்துக்குள் எப்போதும் ஓர் அடகுச் சீட்டு இருக்கும். ஆனி மாதத்தில் பள்ளிக் கட்டணத்துக்காக வைத்த வளையல் தை அறுவடை முடிந்ததும் கைக்குத் திரும்பும். திரும்பிய சில வாரங்களில் வேறொரு நகைக்கான சீட்டு அதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். நகையை ‘மீட்டுக்கொண்டு வந்தேன்’ என்று அவர் சொல்வதற்கும், அதே புத்தகத்தைத் திறந்து ‘உலக மீட்பரே’ என்று செபிப்பதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எனக்குச் சிறு வயதில் தோன்றியதே இல்லை. கோவிலுக்குள் மீட்பு என்றால் பாவத்திலிருந்து, கோவிலுக்கு வெளியே மீட்பு என்றால் வட்டிக் கடையிலிருந்து. இரண்டும் ஒரே சொல் என்பதைக்கூட நான் கவனித்ததில்லை.

கடந்த தவக்காலத்தில் எரேமியா, எசேக்கியேல், எசாயா நூலின் பிற்பகுதி ஆகிய மூன்றையும் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில் வரிசையாக வாசித்தேன். பக்கத்தில் ஓர் எபிரேய அகராதியையும் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எபிரேயம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத்தான் தெரியும். அந்த அரைகுறை அறிவுக்கே ஒன்று தெளிவாகப் புலப்பட்டது: யூதா நாட்டு மக்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டதைப் பற்றிப் பேசிய இந்த இறைவாக்கினர்கள் ‘மீட்பு’ என்று சொல்லும்போது, நாம் பீடத்தின் முன் உச்சரிக்கும் பொருளைவிட, அம்மாவின் அடகுச் சீட்டில் இருந்த பொருளுக்கே மிக நெருக்கமாக நிற்கிறார்கள்.

எபிரேயத்தில் மீட்பதைக் குறிக்க இரண்டு முதன்மையான வினைகள் உண்டு. ‘பாதா’ என்பது விலை கொடுத்து விடுவிப்பது. அந்த விலையை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ‘காஅல்’ அப்படியல்ல. அது உறவுமுறைக்குள் நடக்கும் செயல், அதைச் செய்யக் கடமைப்பட்டவன் ‘கோஏல்’. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் இதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறது. வறுமையால் ஒருவன் தன் நிலத்தில் ஒரு பகுதியை விற்றுவிட்டால் அவனுடைய நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்க வேண்டும். கடன் முற்றித் தன்னையே அயலானிடம் விற்றுக்கொண்டால், உடன்பிறந்தவனோ, தந்தையின் உடன்பிறந்தவனோ, அவருடைய மகனோ அவனை மீட்கலாம். இந்தப் பட்டியலைப் படிக்கும் தமிழருக்கு விளக்கவுரையே வேண்டியதில்லை, ஏனென்றால் இது பங்காளிகளின் பட்டியல். நிலத்தை வெளியாளுக்கு விற்கும் முன் பங்காளியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதும், அவன் வேண்டாம் என்ற பிறகுதான் மற்றவனுக்குப் போக வேண்டும் என்பதும் நம் ஊர்களில் சட்டப் புத்தகம் இல்லாமலே நடக்கிற வழக்கம்தான். ‘கோஏல்’ என்ற சொல்லுக்கு ‘மீட்பர்’ என்பது சரியான மொழிபெயர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரத்த உறவு மொழிபெயர்ப்பில் உதிர்ந்துபோகிறது.

இப்போது எரேமியா 32ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். யூதாவின் அரசன் செதேக்கியாவின் 10ஆம் ஆட்சி ஆண்டு, அதாவது ஏறக்குறைய கி.மு. 588. பாபிலோனியப் படை எருசலேமை வளைத்து முற்றுகையிட்டிருக்கிறது. அரண்மனையை ஒட்டிய காவலர் முற்றத்தில் எரேமியா அடைக்கப்பட்டிருக்கிறார், நகரம் வீழும் என்று தொடர்ந்து சொல்லி மக்களின் மன உறுதியைக் குலைத்தார் என்பதற்காக. யூதாவின் அரண் நகர்களில் இலாக்கிசும் அசேக்காவும் மட்டுமே எஞ்சி நின்றன என்று இதே நூலின் 34ஆம் அதிகாரம் சொல்கிறது. இலாக்கிசு இருந்த இடத்தில் 1935இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓட்டுச் சில்லுக் கடிதங்களுள் ஒன்றில், இலாக்கிசின் தீ அடையாளங்களுக்காகக் காத்திருக்கிறோம், அசேக்காவைக் காண முடியவில்லை என்று ஒரு படைவீரன் தன் அதிகாரிக்கு எழுதியிருக்கிறான். நாடு ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டிருந்த வாரங்கள் அவை.

அந்த நேரத்தில் சிறைக்குள் எரேமியாவைத் தேடி வருபவர் அவருடைய தந்தையின் உடன்பிறந்தவர் மகன் அனமேல். எபிரேயச் சொல் பெரியப்பாவா சித்தப்பாவா என்று பிரித்துச் சொல்வதில்லை, தமிழில் மொழிபெயர்ப்பவர்தான் ஏதாவது வழி தேடியாக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பங்காளி. அனத்தோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள்ளும், மீட்கும் உரிமை உம்முடையது என்கிறார். அனத்தோத்து எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர், எரேமியாவின் பிறந்த ஊர். தலைநகரையே வளைத்து நிற்கும் படையின் கைக்குள் அந்த ஊர் அப்போது இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எதிரியின் கூடாரக் குச்சிகள் இறங்கிய மண்ணை விற்க ஒருவர் வருகிறார், அதை வாங்கச் சிறைக்குள் இருக்கும் ஒருவர் சம்மதிக்கிறார்.

பங்காளி என்ற சொல்லுக்கு நம் வழக்கில் இன்னொரு நிழலும் உண்டு. அது இங்கே சற்றும் குறையவில்லை. எரேமியாவைக் கொல்லச் சூழ்ச்சி செய்தவர்கள் அனத்தோத்து ஊரார்தாம் என்று 11ஆம் அதிகாரம் சொல்கிறது. உன் உடன்பிறந்தாரும் உன் தந்தை வீட்டாருமே உனக்குத் துரோகம் செய்தார்கள் என்று ஆண்டவரே அவரிடம் 12ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். போதாக்குறைக்கு, எரேமியாவுக்கு மனைவியும் மக்களும் இல்லை, திருமணம் செய்யக் கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. ஆக, தன்னைக் கொல்லப் பார்த்த உறவினரின் நிலத்தை, எதிரியின் கையில் இருக்கும்போது, தனக்குப் பின் ஆண்டு அனுபவிக்க வாரிசே இல்லாத ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார். எந்தப் பத்திர எழுத்தரும் இதைக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

ஆனால் வாங்கும் விதத்தில் ஒரு குறையும் இல்லை. 17 செக்கேல் வெள்ளி, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. பத்திரம் எழுதிக் கையெழுத்திடப்படுகிறது, சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள், முற்றத்தில் அமர்ந்திருந்த யூதர் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்திரத்தில் இரண்டு படிகள்: முத்திரையிட்டு மூடியது ஒன்று, திறந்தது ஒன்று. பிற்காலத்தைச் சேர்ந்த இத்தகைய இரட்டைப் பத்திரங்கள் யூதேயப் பாலைநிலக் குகைகளில் உண்மையிலேயே கிடைத்திருக்கின்றன. யாரும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கத் திறந்த படி, அதில் யாரேனும் கை வைத்துவிட்டதாக வழக்கு வந்தால் நடுவர் முன் உடைத்துப் பார்க்க மூடிய படி. இரண்டையும் தம் செயலர் பாரூக்கிடம் கொடுத்து, நீண்ட நாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்துக்குள் வைக்கும்படி எரேமியா சொல்கிறார்.

இந்த இடத்தில் எபிரேயம் செய்யும் ஒரு வேலையைக் கண்டபோது அகராதியை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். திறந்த படியை அந்த நூல் ‘காலூய்’ என்கிறது, திறந்தது, வெளிப்பட்டது என்று பொருள். அதே வேரிலிருந்துதான் நாடுகடத்தலைக் குறிக்கும் ‘கோலா’ என்ற சொல்லும் வருகிறது. நிலத்தை உரித்து வெறுமையாக்குவதும் மக்களை வெளியேற்றுவதும் அந்த மொழிக்கு ஒரே அசைவு. எரேமியாவுக்கு உரியதாக அனமேல் சொல்லும் மீட்பு உரிமையோ ‘கெஉல்லா’. ஒலியில் அருகருகே நிற்கும் இவ்விரு சொற்களும் ஒரு பத்திரத்தைச் சுற்றிச் சந்தித்துக்கொள்கின்றன. ‘கோலா’ என்ற சொல்லுக்குள் ‘ஆலெப்’ என்ற முதல் எழுத்தை நுழைத்தால் அது ‘கெஉல்லா’ ஆகிவிடும் என்று யூத மரபில் ஒரு சொல்விளையாட்டு உண்டு. அந்த முதல் எழுத்து ஒரே கடவுளைக் குறிக்கும் என்பார்கள். மொழியியலில் இரண்டும் வெவ்வேறு வேர்கள்தாம். ஆயினும் எரேமியா நூலை எழுதியவர் இந்த ஒலியைக் கேட்காமலா எழுதியிருப்பார்?

எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்தது, எரேமியா எதையும் உறுதியான முகத்தோடு செய்யவில்லை என்பது. அனமேல் வருவார் என்று ஆண்டவர் முன்னரே சொல்லியிருந்தும், அவர் உண்மையிலேயே வந்து நின்ற பிறகுதான் ‘இது ஆண்டவரின் வாக்கு என்று அறிந்துகொண்டேன்’ என்கிறார். பணத்தைக் கொடுத்துப் பத்திரத்தை ஒப்படைத்த பின்பு அவர் செய்யும் நீண்ட செபம் படைப்பில் தொடங்கி, எகிப்து வழியாக வந்து, கடைசியில் ஒரு முணுமுணுப்பில் முடிகிறது: நகரம் எதிரியின் கையில் போய்விட்டதே, நீரோ நிலத்தை வாங்கச் சொல்கிறீரே. வாங்கிய பிறகு வரும் சந்தேகம் அது. நம்பிக்கை உள்ளவர்கள் சந்தேகப்பட்டுவிட்டுச் செயல்படுவதில்லை, செயல்பட்டுவிட்டுச் சந்தேகப்படுகிறார்கள் போலும். இத்தனை வளமான பகுதி நம் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி வாசகங்களின் மூன்றாண்டுச் சுற்றில் இடம்பெறவே இல்லை என்பது எனக்குள்ள பழைய குறை.

அதற்கு நேர்மாறாக, 29ஆம் அதிகாரத்தின் ஒரே ஒரு வசனம் நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் நிறைந்து கிடக்கிறது: உங்களுக்காக நான் வகுத்திருக்கும் திட்டங்கள் கேட்டுக்கானவை அல்ல, நல்வாழ்வுக்கானவை என்ற வசனம். தேர்வுக்கும் வேலைக்கும் விசாவுக்கும் அதை நீட்டிக்கொள்கிறோம். அது ஒரு கடிதத்தின் வரி. கி.மு. 597இல் யோயாக்கின் அரசனோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள், நீங்கள் இருக்கும் அந்த நகரின் நலனுக்காக மன்றாடுங்கள், ஏனெனில் அதன் நலனில்தான் உங்கள் நலன் இருக்கிறது என்கிறது அது. நாட்காட்டி வசனத்துக்கு முந்தைய வசனம் 70 ஆண்டுகள் என்று கணக்குச் சொல்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் யாரும் அந்த நல்வாழ்வைக் கண்ணால் காணப்போவதில்லை.

அதற்கு முந்தைய அதிகாரத்தில் இன்னொரு இறைவாக்கினர் வருகிறார், பெயர் அனனியா. இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று கோவிலில் அறிவிக்கிறார். எரேமியா முதலில் சொல்லும் பதில் ‘ஆமென், ஆண்டவர் அப்படியே செய்வாராக’ என்பது. கிண்டல் என்று சிலர் இதை வாசிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வாக்கு பொய்யாகிவிட்டால் நல்லது என்று ஆசைப்படும் மனிதரின் குரலாகவே அது கேட்கிறது. அனனியா அந்த ஆண்டே இறந்துபோனார். ஆறுதல் சொல்பவரெல்லாம் பொய்யர் என்பதில்லை, ஆனால் காலக்கெடுவைக் குறைத்துச் சொல்லும் ஆறுதல் மக்களை ஏமாற்றிவிடும் என்பதை எரேமியா தெரிந்துவைத்திருந்தார். ஒவ்வோர் எழுப்புதல் கூட்டத்திலும் அனனியாவின் குரலைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன்.

நாடுகடத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்? அரசர்கள் இரண்டாம் நூல் முதல் கடத்தலிலேயே 10,000 என்று முழுத்தொகையாகச் சொல்கிறது. எரேமியா நூலின் கடைசி அதிகாரமோ கணக்குப்பிள்ளையைப் போல மூன்று தவணைகளாக எழுதுகிறது: 3,023, பிறகு 832, பிறகு 745, ஆக மொத்தம் 4,600. அவர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இன்று களிமண் சான்றுகள் உள்ளன. ‘யூதாவின் ஊர்’ என்று பொருள்படும் ஆல்-யாகூது என்ற பாபிலோனியக் கிராமத்தைச் சார்ந்த, கி.மு. 572 முதல் கி.மு. 477 வரையிலான ஆப்பெழுத்து ஆவணங்கள் ஏறக்குறைய நூறு 2014இல் நூலாக வெளிவந்தன. முறையான அகழாய்வில் கிடைக்காமல் பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை என்ற களங்கம் அவற்றுக்கு உண்டு. ஆனால் அவற்றில் இருப்பதோ வரி, குத்தகை, பேரீச்சம்பழம், பார்லி, கடன் ஆகியவைதாம். தம் கடவுளாகிய யாவேயின் பெயரைத் தம் பெயருக்குள் தாங்கிய மனிதர்கள் அரசுக்குரிய நிலத்தில் உழுது, கடன் வாங்கி, கடன் கொடுத்து வாழ்ந்திருக்கிறார்கள். எரேமியாவின் கடிதத்தை அவர்கள் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றிவிட்டார்கள்.

அதே மண்ணில், கெபார் ஆற்றோரத்தில், எசேக்கியேல் கண்ட கடவுளின் அரியணைக் காட்சியை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக வரைந்திருக்கிறார்கள். எனக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: அந்த அரியணைக்குச் சக்கரங்கள் இருக்கின்றன. எருசலேம் கோவிலில் மட்டுமே குடியிருப்பவர் என்று நம்பப்பட்ட கடவுள், நான்கு திசையிலும் உருளக்கூடிய அரியணையில் அகதிகளின் கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டார். 11ஆம் அதிகாரத்தில் அவரே, அவர்கள் சென்ற நாடுகளில் நான் அவர்களுக்குச் சிறிதளவு தூயகமாக இருந்தேன் என்கிறார். பங்காளி கைவிட்டுப் போகவில்லை, கூடவே வந்திருக்கிறார். மீட்கும் கடமை உள்ளவருக்கு அதுதான் இலக்கணம்.

எசாயா நூலின் பிற்பகுதியில்தான் ‘கோஏல்’ என்ற சொல் கடவுளுக்கே உரிய பட்டமாகிறது. 40ஆம் அதிகாரத்துக்குப் பிறகு 13 இடங்களில் அப்படி வருகிறது. இங்கே அடகுக் கடையின் மொழி ஒளிவுமறைவின்றிப் பேசப்படுகிறது. 50ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கிறார்: எனக்குக் கடன் கொடுத்த எவனிடம் உங்களை விற்றேன்? 52ஆம் அதிகாரத்தில் அவரே பதில் சொல்கிறார்: விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள். வாங்கியவன் பணம் கொடுக்கவில்லை என்றால் அவனிடம் சீட்டும் இல்லை, உரிமையும் இல்லை. பாபிலோன் வைத்திருப்பது அடகுப் பொருள்கூட அல்ல, வெறும் பறிமுதல் என்று அந்த வழக்கறிஞர் வாதாடுகிறார்.

கத்தோலிக்கராகிய நாம் இந்தப் பகுதியை அதன் காலத்துக்குள் வைத்து வாசிக்கக் கற்றுக்கொண்டது மெதுவாகத்தான். பெர்னார்ட் டூம் என்ற செருமானிய அறிஞர் 1892இல் எசாயா நூலை மூன்று காலத்தவரின் படைப்பாகப் பகுத்துக் காட்டினார். 1908இல் பாப்பிறை விவிலிய ஆணையம், ஒரே ஆசிரியர் அல்ல என்பதற்குக் காட்டப்படும் சான்றுகள் போதாதவை என்று தீர்ப்புச் சொன்னது. 1943இல் பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல்தான், நூலாசிரியரின் காலத்தையும் இலக்கிய வகையையும் தேடிக் கண்டறிவது விளக்குபவரின் கடமை என்று கதவைத் திறந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு அதைத் திருச்சபை முழுவதற்கும் உரியதாக்கியது. இதில் புதுமை குறைவு என்றே நினைக்கிறேன். மற்றெல்லாப் பொருள்களும் சொற்பொருளின் மீதே நிற்கின்றன என்று தோமா அக்குவினா 13ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்க நமக்குத் துணிவு வரத்தான் எழுநூறு ஆண்டுகள் ஆயின.

அப்படித் தோண்டும்போது அகப்படுவது சில வேளைகளில் சங்கடமானது. எசாயா 45இல் ஆண்டவரால் ‘அருள்பொழிவு பெற்றவர்’, அதாவது மெசியா, என்று அழைக்கப்படுபவர் பாரசீக அரசர் சைரசு. கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றியவர். 1879இல் கண்டெடுக்கப்பட்ட அவருடைய களிமண் உருளையில் வெற்றிக்குக் காரணமாகச் சொல்லப்படுபவர் மார்துக் என்ற பாபிலோனியத் தெய்வம். யூதாவின் பெயர் அதில் இல்லவே இல்லை. தன்னை அனுப்பியவர் யார் என்றே அறியாத ஒருவரின் கையால் பங்காளி தன் கடமையைச் செய்துமுடிக்கிறார். அதை அந்த இறைவாக்கினரே ஒளிக்கவில்லை: நீ என்னை அறியாதிருந்தும் உனக்குப் பெயர் சூட்டினேன் என்று சைரசைப் பார்த்து ஆண்டவர் சொல்வதாக எழுதுகிறார்.

திரும்பி வந்தது கதையின் முடிவாகவும் இல்லை. கி.மு. 515இல் முடிந்த இரண்டாம் கோவிலின் அடித்தளத்தைக் கண்டபோதே பழைய கோவிலைப் பார்த்திருந்த முதியவர்கள் உரக்க அழுதார்கள். நெகேமியா நூலின் 9ஆம் அதிகாரச் செபம், எங்கள் மூதாதையருக்குத் தந்த நாட்டிலேயே நாங்கள் இன்று அடிமைகளாய் இருக்கிறோம் என்று முறையிடுகிறது. தானியேல் நூலோ எரேமியாவின் 70 ஆண்டுகளை எடுத்து 70 வாரங்களாக, அதாவது ஏழேழு ஆண்டுகள் கொண்ட வாரங்களாக, விரித்துவிடுகிறது. பொருள் வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் வட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு அந்த மக்களை விட்டு நீங்கவில்லை.

மத்தேயு தம் நற்செய்தியைத் தொடங்கும் இடம் இதுதான். டிசம்பர் 17 அன்று திருப்பலியில் அதன் தொடக்கத்தில் உள்ள இயேசுவின் தலைமுறைப் பட்டியல் வாசிக்கப்படும்போது நான் உட்பட எல்லாரும் கொட்டாவியை அடக்கிக்கொள்வது வழக்கம். ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோன் வரை, பாபிலோன் முதல் மெசியா வரை என்று மும்முறை பதினான்கு தலைமுறைகள். இரண்டு கீல்களில் ஒன்று மாபெரும் அரசர், மற்றொன்று ஒரு பேரழிவு. சீனாய் மலையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை, நாடுகடத்தலோ அந்தச் சில வரிகளுக்குள் நான்கு முறை வருகிறது. அந்தக் கீலில் நிற்கும் பெயர் எக்கோனியா, அதாவது நாம் மேலே கண்ட யோயாக்கின்.

அந்த மனிதரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 18 வயதில் அரசரானவர், மூன்றே மாதம் ஆட்சி செய்தவர், நகரைச் சரணடையச் செய்துவிட்டுச் சிறை சென்றவர். நீ என் வலக்கையின் முத்திரை மோதிரமாய் இருந்தாலும் உன்னைக் கழற்றி எறிவேன் என்றும், இவனைப் பிள்ளையற்றவன் என்று எழுதிவையுங்கள் என்றும் எரேமியா 22இல் அவர்மீது தீர்ப்பு விழுகிறது. பாபிலோன் அகழாய்வில் கிடைத்து 1939இல் வெளியிடப்பட்ட களிமண் பலகைகளில், யூதா நாட்டின் அரசர் யாகூகினுக்கும் அவருடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு இருக்கிறது. பிள்ளையற்றவர் என்று எழுதப்பட்டவருடைய பிள்ளைகளுக்கு எதிரியின் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து எண்ணெய் போயிருக்கிறது. 37ஆம் ஆண்டில் அவர் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டு அரசனின் பந்தியில் அமர்த்தப்பட்டார் என்பதோடு அரசர்கள் நூல் முடிகிறது. பின்னர் அவருடைய பேரன் செருபாபேலை நோக்கி, உன்னை முத்திரை மோதிரமாக அணிந்துகொள்வேன் என்று ஆகாய் வழியாக ஆண்டவர் சொல்கிறார். கழற்றி எறிந்த மோதிரத்தை எறிந்தவரே தேடி எடுத்துக்கொண்டார். மத்தேயுவின் பட்டியல் அந்தப் பேரன் வழியாகத்தான் யோசேப்பிடம் வருகிறது.

ஆகவே இயேசுவை மீட்பர் என்று நான் அறிக்கையிடும்போது, அந்தச் சொல் பெத்லகேமில் முளைத்ததல்ல, பாபிலோனில் எண்ணெய்க்காக வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தின் கதை வழியாக வந்தது என்பதை மறந்தால் அறிக்கை அந்தரத்தில் தொங்கிவிடும். யூதர்களுக்குத் தரப்பட்ட வாக்குகளை நாம் பறித்துக்கொண்டு, அவர்களுக்கு இனி அதில் பங்கில்லை என்று சொல்லிவிடவும் முடியாது, அது பங்காளியை ஏமாற்றிப் பட்டா மாற்றுகிற வேலை. யூத மக்களையும் அவர்களுடைய திருநூல்களையும் பற்றி அதே விவிலிய ஆணையம் 2001இல் வெளியிட்ட ஏடு, யூதர்களின் மெசியா எதிர்பார்ப்பு வீணானதல்ல என்று தெளிவாகச் சொன்னது. பழைய ஏற்பாட்டில் கிறிஸ்துவைக் காண்பது, நிகழ்ந்தவற்றுக்குப் பின் திரும்பிப் பார்க்கும் பார்வை என்றும் ஒப்புக்கொண்டது. அன்று ஆணையத்தின் தலைவராக இருந்து முன்னுரை எழுதியவர் கர்தினால் இராட்சிங்கர், பின்னாளைய பதினாறாம் பெனடிக்ட்.

இத்தனையும் நம் வழிபாட்டில் எங்கே கேட்கிறது என்று தேடினால், பாஸ்கா திருவிழிப்பின் ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களில் கடைசி நான்கும் நாடுகடத்தலின் குரல்கள்: எசாயா 54, எசாயா 55, பாரூக்கு, எசேக்கியேல் 36. நான்காம் வாசகத்தின் முதல் வசனத்திலேயே ‘கோஏல்’ நிற்கிறது. எங்கள் பங்கிலோ நேரம் கருதி மூன்று வாசகங்களோடு நிறுத்திவிடுவது பல ஆண்டுப் பழக்கம். குறைந்தது மூன்று என்ற சலுகை விதியிலேயே இருப்பதால் யாரையும் குறை சொல்ல இயலாது. ஆனால் செங்கடலைக் கடந்த கையோடு நேரே காலிக் கல்லறைக்குப் போய்விடுகிறோம், பாபிலோன் விடுபட்டுப்போகிறது.

அம்மாவின் செபப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. ‘கிருபை தயாபத்து’ மந்திரத்தில் ‘பரதேசிகளாயிருக்கிற நாங்கள் ஏவையின் மக்கள்’ என்று வரும். இலத்தீன் மூலத்தில் அது நாடுகடத்தப்பட்டவர்களைக் குறிக்கும் சொல். பழைய மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த ‘பரதேசி’ இன்று வசைச்சொல்லாகிவிட்டது, மந்திரத்தில் மட்டும் அது தன் பழைய மரியாதையோடு இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் கடைசி அடகுச் சீட்டும் இருந்தது. அதில் இருந்த சங்கிலியை அம்மாவின் மறைவுக்குப் பின் அவருடைய சித்தப்பா மகன் போய் மீட்டுவந்து என் தங்கையிடம் கொடுத்தார். அவருக்கும் எங்கள் வீட்டுக்கும் பத்து ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எரேமியா தாம் வாங்கிய நிலத்தில் கால் வைத்ததாக எங்கும் எழுதப்படவில்லை. நகரம் வீழ்ந்த பின் தம் மக்களாலேயே எகிப்துக்கு இழுத்துச் செல்லப்பட்டார், அவரைப் பற்றிய செய்தி அங்கே நின்றுவிடுகிறது. மண்பாண்டத்தை யார் திறந்தார்கள் என்பதையும் விவிலியம் சொல்லவில்லை. ஆனால் பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பெயர்ப் பட்டியல் எஸ்ரா நூலின் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, நெகேமியாவின் 7ஆம் அதிகாரத்திலும் அதே பட்டியல் மீண்டும் வருகிறது. பெத்லகேமுக்கும் நெற்றோபாவுக்கும் அடுத்ததாக ஒரு வரி: அனத்தோத்து ஊரார் 128 பேர்.